மண்ணுக்கடியில் ஒரு வட சென்னை



"ஏதாவது எழுதிக் குடுப்பா. கவிதை மட்டும் வேணாம், அது ஏற்கெனவே நெறைய வந்து கிடக்குது" என்று மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. கவிதை எனக்கு வராது என்பது விடுதியில் என்னோடு தங்கிய எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரிந்தது குழாய் ஒன்றுதான். பதினைந்து வருடமாக எண்ணெய்க் குழாய், எரிவாயுக் குழாய் என்று அதன் பின்னாலேயே அலைந்து கொண்டிருக்கிறேன். எனவே இந்த மலரில் குழாய்க்குச் சில பக்கம் ஒதுக்கித் தர வேண்டுகிறேன்.

திருவொற்றியூர் பக்கம் போன நாட்களில் நாம் டீ குடித்த கடை வாசலில் ஒரு மஞ்சள் கம்பம் நிற்கும், நினைவிருக்கிறதா? அதில் சிறிய தகரப் பலகை. 'எச்சரிக்கை, இங்கே தோண்டாதீர்கள்' என்று எழுதி, கீழே ஒரு போன் நம்பர். நாம் அதில் சைக்கிளைச் சாய்த்து வைப்போம். டீக்கடைக்காரர் ஈரத் துணியைக் காயப்போடுவார். தேர்தல் வந்தால் கட்சிக் கொடி ஏறும். அந்தப் பலகையை ஒருநாளும் நாம் படித்ததில்லை. பொறியியல் படித்துக் கொண்டிருந்த நாமே படிக்கவில்லை என்றால் மற்றவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அந்தக் கம்பத்துக்குக் கீழே என்ன ஓடியது, எப்படி வந்தது, அதைக் காப்பாற்ற மனிதர்கள் என்னென்ன செய்தார்கள், எங்கே கோட்டை விட்டார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

எம்டன் கொளுத்திய எண்ணெய்

வட சென்னைக்கும் எண்ணெய்க்கும் உள்ள உறவு பழையது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து ஏறத்தாழ 130 குண்டுகளைப் போட்டது எல்லோருக்கும் தெரிந்த கதை. சாமர்த்தியக்காரனை 'சரியான எம்டன்' என்று இன்றும் சொல்கிறோம். ஆனால் அன்றைக்குக் கொழுந்துவிட்டு எரிந்தது எது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள்தான் அவை. நம் வீட்டு அரிக்கேன் விளக்குக்கு மண்ணெண்ணெய் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த காலம் அது.

எண்ணெயைக் கப்பலிலிருந்து இறக்கியாயிற்று. அடுத்து அதை எப்படி உள்ளே கொண்டுபோவது? இந்தக் கேள்விக்கு முதலில் விடை கண்டவர்கள் அமெரிக்கர்கள். 1865-இல் பென்சில்வேனியா மாநிலத்தில் சாமுவேல் வான் சைக்கெல் என்பவர் இரண்டு அங்குல இரும்புக் குழாயை ஏறத்தாழ எட்டு கிலோமீட்டருக்குப் பதித்து எண்ணெயை ஓட விட்டார். அதுவரை பீப்பாயில் எண்ணெய் ஏற்றிப் பிழைத்து வந்த குதிரை வண்டிக்காரர்களுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இரவோடு இரவாகக் குழாயைப் பெயர்த்துப் போட்டார்கள். ஆயுதம் தாங்கிய காவலாளிகளை நிறுத்தித்தான் குழாயைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. உலகின் முதல் எண்ணெய்க் குழாய்களில் ஒன்றுக்கு வந்த முதல் ஆபத்து துரு அல்ல, பக்கத்தில் இருந்த மனிதர்கள். குழாய் போட்டவர் அவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை. இந்த விஷயத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் நாட்டில் பெரிய அளவில் குழாய் வந்தது சுதந்திரத்துக்குப் பிறகுதான். அஸ்ஸாமின் நாஹர்கட்டியாவிலிருந்து பீகாரின் பரௌனி வரை 1,157 கிலோமீட்டர் கச்சா எண்ணெய்க் குழாய் 1960களின் முற்பகுதியில் போடப்பட்டது. அதே சமயத்தில் 1962-ஆம் ஆண்டு ஒரு சட்டமும் வந்தது. குழாய் போகும் நிலத்தை அரசு விலைக்கு வாங்காது, பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்ளும். நிலம் விவசாயிக்கே சொந்தம், பயிர் வைக்கலாம். ஆனால் அந்தப் பட்டையில் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் நடக்கூடாது. கிராமப்புறத்தில் குழாய் பிழைத்துக் கிடப்பதற்கு இந்தச் சட்டம் பெரிய துணை. துறைமுகத்தை ஒட்டிய நகரத்தில் நிலைமை வேறு. அங்கே குழாய் பெரும்பாலும் சாலை ஓரத்திலும் சந்துக்கடியிலும்தான் இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது.

மணலிக்கு வந்த குழாய்

1965 டிசம்பர் 30 அன்று மெட்ராஸ் ரிஃபைனரீஸ் லிமிடெட் என்ற கம்பெனி உருவானது. இந்திய அரசுக்கு 74 சதவீதம், அமெரிக்காவின் அமோகோவுக்கு 13, ஈரான் தேசிய எண்ணெய்க் கம்பெனிக்கு 13 என்று பங்கு. மணலியில் ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனோடு சுத்திகரிப்பு ஆலை எழுந்து 1969-இல் ஓடத் தொடங்கியது. இன்று அது சென்னை பெட்ரோலியம், அதாவது சி.பி.சி.எல். திறனும் 105 லட்சம் டன்.

கச்சா எண்ணெய் கப்பலில் வந்து நிற்பது சென்னைத் துறைமுகத்தில். ஆலை இருப்பது மணலியில். நடுவில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், அப்புறம் பக்கிங்ஹாம் கால்வாய். இந்த இடைவெளியை இணைக்க 30 அங்குலக் குழாய் ஒன்று பதிக்கப்பட்டது. 30 அங்குலம் என்றால் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் நீளக் குழாய்க்குள் மட்டும் சுமார் 430 கிலோலிட்டர் எண்ணெய் நிற்கும். 12,000 லிட்டர் டேங்கர் லாரி முப்பத்தைந்துக்கு மேல்! நம் தெருவில் முப்பத்தைந்து லாரி வரிசையாக நின்றால் பயந்துவிடுவோம். மண்ணுக்கடியில் நின்றால் அதன் மேல் கிரிக்கெட் ஆடுவோம்.

குழாய் வந்தபோது அந்தப் பக்கம் நிறைய வெறும் மணலாகத்தான் கிடந்தது என்று எங்கள் தெருப் பெரியவர்கள் சொல்வார்கள். அப்புறம் தொழிற்சாலைகள் வந்தன, ஆட்கள் வந்தார்கள், வீடு வந்தது, மாடி வந்தது. குழாய் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. ஊர்தான் அதன் மேல் ஏறி உட்கார்ந்தது.

அரை நூற்றாண்டு உழைத்த அந்தக் குழாய்க்குப் பதிலாக 2010களின் பிற்பகுதியில் 42 அங்குலத்தில், சுமார் 17 கிலோமீட்டர் நீளத்தில் புதிய குழாய் போடப்பட்டது. விட்டம் 30-லிருந்து 42 ஆனால் உள்ளே கொள்ளளவு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். கப்பலும் சீக்கிரம் காலியாகும். ஆனால் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அதுவல்ல. ஒரு குழாய்க்கும் வயது உண்டு, அது உடைவதற்கு முன்பே அதை ஓய்வுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒத்துக்கொண்டதே, அதுதான் பெரிது.

மயில்துத்தம் சொல்லும் ஜோசியம்

இரும்பு மண்ணிலிருந்து வந்தது, மண்ணாகவே திரும்பப் பார்க்கும். ஈரமும் உப்பும் கிடைத்தால் அதன் வேகம் கூடும். நம் கடற்கரையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. எண்ணூர் உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் சொல்லத் தேவையில்லை. ஒரு வீட்டு ஜன்னல் கம்பி ராயபுரத்தில் எத்தனை வருடம் தாங்கும், தாம்பரத்தில் எத்தனை வருடம் தாங்கும் என்று அம்மாக்களைக் கேட்டாலே தெரியும்.

ஒரு கணக்கு. குழாய்ச் சுவரின் கனம் 7 மில்லிமீட்டர். துரு வருடத்துக்கு 0.2 மில்லிமீட்டர் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். 35 வருடத்தில் ஓட்டை. ஆனால் துரு இப்படி ஒரே சீராகத் தின்னாது. ஓரிடத்தில் தொடாது, இன்னோர் இடத்தில் பல்லில் சொத்தை விழுகிற மாதிரிக் குடைந்துகொண்டே போகும். சராசரியை நம்பினால் மோசம் போவோம்.

முதல் தற்காப்பு, மேல்பூச்சு. அந்தக் காலத்தில் சூடான தாரைப் பூசித் துணி சுற்றுவார்கள். இப்போது தொழிற்சாலையிலேயே மூன்று அடுக்கு பாலிஎதிலீன் ஒட்டி வருகிறது. எவ்வளவு நல்ல பூச்சானாலும் ஒரு கல் குத்தினால் கீறல் விழும். அந்தக் கீறலில்தான் துரு குடியேறும்.

இரண்டாம் தற்காப்பு மின்சாரம். இதன் கதை சுவையானது. 1824-இல் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி, போர்க்கப்பலின் அடியில் அடித்த செப்புத் தகடு கடல்நீரில் அரிப்பதைத் தடுக்க அதன் மேல் துத்தநாகம், இரும்புத் துண்டுகளைப் பொருத்தினார். அந்தத் துண்டுகள் தாங்கள் கரைந்து செம்பைக் காப்பாற்றின. கடைக்குட்டிக்காக மூத்த அண்ணன் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற மாதிரி என்று எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொல்வார். ஆனால் பாருங்கள், கரைந்துகொண்டிருந்த செம்புதான் அதுவரை கடல் சிப்பிகளை ஒட்டவிடாமல் விரட்டியிருக்கிறது. செம்பு கரைவது நின்றதும் சிப்பியும் பாசியும் அப்பிக்கொண்டு கப்பலின் வேகம் குறைந்தது! ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று முளைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

நூறு வருடம் கழித்து, 1928-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் ராபர்ட் கூன் என்பவர் இதே தத்துவத்தை மண்ணுக்கடியில் கிடக்கும் எரிவாயுக் குழாய்க்குக் கொண்டுவந்தார். ரெக்டிஃபையர் வைத்து நேர்மின்சாரத்தை மண் வழியாகக் குழாய்க்குள் செலுத்தினார். குழாயின் மின்னழுத்தம் மைனஸ் 0.85 வோல்ட் அளவுக்கு இறங்கிவிட்டால் துரு அடங்கிவிடும் என்று அவர் கண்டுபிடித்த எண்ணைத்தான் இன்றுவரை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறோம்.

இதை அளக்கும் கருவியில் இருப்பது என்ன தெரியுமா? மயில்துத்தம். ஒரு சிறு குப்பியில் மயில்துத்தக் கரைசல், உள்ளே ஒரு செப்புக் கம்பி, அடியில் நுண்துளை அடைப்பு. அதை ஈர மண்ணில் ஊன்றி மீட்டரின் ஒரு முனையை அதிலும், மறு முனையைக் குழாயிலிருந்து வரும் வயரிலும் தொட்டால் எண் சொல்லும். நம் கெமிஸ்ட்ரி லேபில் அந்த நீலக் கரைசலைச் சட்டையில் கொட்டிக்கொண்டு திட்டு வாங்கியவர்கள் பலர் உண்டு. பிற்காலத்தில் அதுதான் சோறு போடப் போகிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

குழாய்க்குள் ஓடும் பன்றி

வெளியிலிருந்து எவ்வளவு அளந்தாலும் உள்ளே சுவர் எவ்வளவு மிச்சம் என்பது தெரியாது. அதற்குத்தான் 'பிக்'. குழாயின் உள்விட்டத்துக்கு ஏற்ற ரப்பர் தட்டுகள் பொருத்திய ஓர் உருளை. ஒரு முனையில் உள்ளே விட்டால் எண்ணெயின் அழுத்தமே அதைத் தள்ளிக்கொண்டு போய் மறு முனையில் சேர்க்கும். போகும்போது கீச்சென்று கத்துவதால் பன்றி என்று பெயர் வந்ததாகத் தொழிலில் ஒரு கதை உண்டு. முதலில் இது வெறும் துடைப்பம்தான், அழுக்கைத் தள்ளிக்கொண்டு வரும். 1960களின் நடுவில் அமெரிக்காவில் அதன் மேல் காந்தங்களைக் கட்டினார்கள். இரும்புச் சுவரில் காந்தப்புலம் ஓடும்; சுவர் எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே புலம் வெளியே கசியும்; உணரிகள் அதைக் குறித்துக்கொள்ளும். இத்தனையாவது கிலோமீட்டர், இத்தனையாவது மீட்டர், குழாயின் அடிப்பக்கம், சுவரில் முப்பது சதவீதம் போய்விட்டது என்று ஒரு பட்டியலே வரும். குழாய்க்கு எடுக்கும் ஸ்கேன் என்று சொன்னால் பொருந்தும்.

ஆனால் எல்லாக் குழாயிலும் பிக் போகாது. வளைவு மிகக் கூர்மையாக இருந்தால் மாட்டிக்கொள்ளும். நடுவில் விட்டம் மாறினால் நிற்கும். உள்ளே விடவும் எடுக்கவும் தனி வாய் வேண்டும். பழைய காலத்துத் துறைமுகக் குழாய்கள் பல இந்த யோசனையே இல்லாமல் போடப்பட்டவை. அங்கே தண்ணீரை நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்ப்பது, அங்கங்கே தோண்டி அளப்பது என்று வேறு வழிகளைத்தான் தேட வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே கன்ட்ரோல் ரூம். இந்த முனையில் எவ்வளவு உள்ளே போனது, அந்த முனையில் எவ்வளவு வெளியே வந்தது, நடுவில் அழுத்தம் எவ்வளவு என்று கம்ப்யூட்டர் ஓயாமல் கணக்குப் பார்க்கும். குழாய் பெரிதாக உடைந்தால் உடனே அலறும். ஆனால் சிறு கசிவு? மணிக்கு 1,000 கிலோலிட்டர் ஓடும் குழாயில் மீட்டர்கள் அரை சதவீதம் முன்னே பின்னே காட்டுவது சகஜம். அரை சதவீதம் என்பது மணிக்கு 5 கிலோலிட்டர். ஒரு நாளைக்கு 120 கிலோலிட்டர், அதாவது பத்து டேங்கர் லாரி. இவ்வளவும் மண்ணுக்குள் போனாலும் திரையில் எல்லாம் பச்சையாகவே இருக்கக்கூடும்.

அந்த அம்மாவின் போன்

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்பது வேண்டாம். சென்னையிலிருந்து வெகு தூரம். இரவு ஷிஃப்டில் நான் மட்டும். பதினொரு மணி வாக்கில் போன். எச்சரிக்கைப் பலகையில் இருந்த நம்பரைப் பார்த்து ஒரு வயதான அம்மா பேசினார்.

"தம்பி, எங்க கழனிக் கெணத்தாண்ட பெட்ரோல் வாடை அடிக்குதுப்பா. ரெண்டு நாளா அடிக்குது. மாடு தண்ணி குடிக்க மாட்டேங்குது."

நான் திரையைப் பார்த்தேன். எல்லா எண்ணும் ஒழுங்காக இருந்தது. "ஒண்ணும் இல்லம்மா, எங்க பக்கம் எல்லாம் நார்மலாத்தான் காட்டுது. பக்கத்துல யாராச்சும் டீசல் மோட்டர் ஓட்டியிருப்பாங்க" என்றேன். "செரிப்பா" என்று வைத்துவிட்டார். எந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில் என்றுகூட நான் கேட்கவில்லை. பதிவேட்டில் 'பொதுமக்கள் அழைப்பு, அனைத்தும் நார்மல்' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

இரண்டு நாள் கழித்து, குழாய்ப் பாதையில் தினமும் நடந்து பார்க்கும் லைன் வாக்கர் அந்தக் கழனியில் புதிதாகத் தோண்டிய மண்ணைக் கண்டுபிடித்தார். திருடர்கள் குழாயில் துளை போட்டு ஒரு வால்வை வைத்திருந்தார்கள். அது சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. நல்லவேளையாகத் தீப்பிடிக்கவில்லை. ஆனால் அந்த அம்மாவின் கிணறு போயிற்று. பல மாதம் அந்தக் குடும்பத்துக்கு லாரியில் தண்ணீர் போனது.

பேச்சு வாங்கியது பெரிதில்லை. மண் எடுக்கப் போனபோது அந்த அம்மாவை நேரில் பார்த்தேன். போனில் பேசியது நான்தான் என்று சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. "அன்னிக்கே சொன்னனேப்பா" என்று மட்டும் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோடிக்கணக்கில் செலவு செய்து வைத்த கருவிகள் காணாததை ஒரு மாடும் ஒரு மூக்கும் கண்டிருந்தன. நான்தான் அதைப் பதிவேட்டில் புதைத்துவிட்டேன்.

தண்டையார்பேட்டை, நகரம், பெரியகுப்பம்

அதற்கப்புறம் எந்த விபத்துச் செய்தியைப் படித்தாலும் ஒரு கேள்வியைத்தான் முதலில் கேட்பேன்: முதலில் கண்டது யார்?

2013 ஜூலை. தண்டையார்பேட்டையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய தெருக்களில் போர்வெல் தண்ணீரோடு எண்ணெய் வந்தது. கண்டது குடியிருப்பவர்கள். பக்கெட்டில் பிடித்துக் காட்டினார்கள். துறைமுகத்திலிருந்து தண்டையார்பேட்டைக் கிடங்குக்கு வரும் பாரத் பெட்ரோலியத்தின் குழாயில் கசிவு இருந்தது பிறகு தெரியவந்தது. விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை போனது. மண்ணில் இறங்கிய எண்ணெய் ஒரேயடியாகக் கீழே போய்விடாது. நிலத்தடி நீரின் மேல் படலமாக மிதக்கும். கோடையில் நீர்மட்டம் இறங்கினால் தானும் இறங்கும், மழையில் ஏறும். யாராவது மோட்டார் போட்டு உறிஞ்சினால் அந்தப் பக்கம் நகரும். ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் மணல் இடுக்கில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனால்தான் குழாயை அடைத்துவிட்டாலும் மண்ணைச் சுத்தம் செய்வது வருடக்கணக்கில் இழுக்கிறது. கசிவை ஒரு வாரம் முன்னால் கண்டுபிடிப்பதற்கும் பின்னால் கண்டுபிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு தெருவின் தண்ணீர்.

2014 ஜூன் 27 விடியற்காலை. ஆந்திராவின் கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் நகரம் என்ற கிராமம் (பெயர்தான் நகரம்). கெயில் நிறுவனத்தின் 18 அங்குல எரிவாயுக் குழாய் வெடித்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். தென்னந்தோப்போடு வீடுகள் கருகின. காரணம் என்ன? உலர்ந்த வாயு ஓட வேண்டிய குழாயில் ஈரமான வாயு ஓடியது. வாயுவோடு வரும் கரியமில வாயு தண்ணீரில் கரைந்தால் என்ன ஆகும்? கோலி சோடா! நாம் குடித்தால் ஏப்பம், இரும்பு குடித்தால் அரிப்பு. வெளியில் எவ்வளவு பூச்சு பூசியும் மின்சாரம் கொடுத்தும் பயனில்லை, பகை உள்ளேயே இருந்தது. வாடை அடிப்பதாக முன்பே சொன்னோம் என்று அந்த ஊர்க்காரர்கள் பிறகு கூறியதைப் பத்திரிகைகளில் படித்தபோது எனக்கு அந்த அம்மாவின் குரல்தான் கேட்டது.

மூன்றாவது நம் ஊர். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பம். கப்பலிலிருந்து கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குத் திரவ அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. இது எண்ணெயும் இல்லை, எரிவாயுவும் இல்லை. ஆனால் குழாயின் நியாயம் ஒன்றுதான். அம்மோனியா மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும் சரக்கு. எனவே கப்பல் வருமுன் குழாயைக் குளிர வைப்பார்கள். அந்த வேலையின்போதுதான் கசிந்தது. கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாக மீனவ மக்கள் நடு ராத்திரியில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஐம்பது பேர் போல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது ஆலை வாசலில் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா. 24 மணி நேர வரம்பு 400. அந்த மாதத் தொடக்கத்தில் அடித்த மிக்ஜாம் புயலில் பாறாங்கற்கள் நகர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று வாரியத்தின் குழு கருதியது. அலையிலிருந்து குழாயைக் காக்கும் என்று நம்பப்படும் கல்லே குழாய்க்கு எதிரியாகலாம். டேவியின் கப்பலில் சிப்பி ஒட்டிய கதைதான் மறுபடியும்.

அன்றிரவு ஊரை எழுப்பியது எது? மூக்கும், கதவைத் தட்டிய பக்கத்து வீட்டுக்காரர்களும்.

மூக்கும் ஒரு கருவிதான்

இயற்கை எரிவாயுவுக்கு வாசனை கிடையாது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1937-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் அடியில் வாயு சேர்ந்து வெடித்து ஏறத்தாழ முந்நூறு பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்தார்கள். வாசனையில்லாததால் யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் வாயுவில் மெர்காப்டன் என்ற நாற்றம் பிடித்த பொருளைக் கலப்பது கட்டாயமாயிற்று. யோசித்துப் பாருங்கள், அது ஒரு பொறியியல் முடிவு. ஊர்க்காரனின் மூக்கையே பாதுகாப்பு ஏற்பாட்டில் ஒரு கருவியாகச் சேர்த்துக்கொண்ட முடிவு. ஊருக்கு நடுவே வீடுகளுக்குப் போகும் வாயுவில் இன்றும் அது கலக்கப்படுகிறது. நெடுந்தூரக் குழாய்களில் பல இடங்களில் கலப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூக்கைச் சேர்த்தோம். அந்த மூக்கு போன் பண்ணினால் கேட்கும் காதைச் சேர்த்தோமா? நம் நாட்டில் விதிகளுக்குக் குறைவில்லை. 1986-இல் எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம் வந்தது. 2006-இல் பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியச் சட்டம் வந்தது. நெருக்கடி காலத் திட்டத்துக்கென்று 2010-இல் தனி விதிகளே உண்டு. ஒத்திகை நடத்த வேண்டும், சுற்றியுள்ள மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. ஆனால் பல இடங்களில் அது நோட்டீஸ் கொடுத்து, போட்டோ எடுத்து, டிபன் பாக்கெட் கொடுப்பதோடு முடிந்துவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். ஏன், நானே நடத்தியிருக்கிறேன். துருவை அளக்க இன்ஜினியரை அனுப்புகிறோம், ஊரோடு பேச மட்டும் யாரையாவது அனுப்புகிறோம்.

இது இனி மேலும் முக்கியமாகிறது. 2019-இல் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் ஆண்டுக்கு 50 லட்சம் டன் திறனுள்ள திரவ இயற்கை எரிவாயு முனையம் தொடங்கப்பட்டது. மைனஸ் 162 டிகிரியில் கப்பலில் வரும் திரவம் அங்கே வாயுவாகி மணலி ஆலைகளுக்குக் குழாயில் போகிறது. தெற்கே தூத்துக்குடி வரை போகும் பெருந்திட்டத்தின் தொடக்கமும் அங்கேதான். சென்னையில் வீடுகளுக்கும் குழாய் எரிவாயு வரத் தொடங்கிவிட்டது. இதுவரை தெருவுக்கடியில் இருந்த விஷயம் இப்போது அடுக்களைக்கே வருகிறது. நான் இதற்கு எதிரி அல்ல. இந்தச் சரக்கையெல்லாம் லாரியில் ஏற்றி நம் எண்ணூர் நெடுஞ்சாலையில் விட்டால் என்ன ஆகும் என்று கற்பனை செய்து பாருங்கள். குழாய்தான் பாதுகாப்பான வழி. ஆனால் அதன் மேல் குடியிருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டால்தான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என் வேலையில் ஒரு பழக்கத்தை வைத்திருக்கிறேன். வாடை அடிப்பதாக யார் போன் செய்தாலும், திரை என்ன சொன்னாலும், ஓர் ஆள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை அந்த அழைப்பைப் பதிவேட்டில் முடித்து வைப்பதில்லை. பத்துக்கு ஒன்பது முறை ஒன்றும் இருக்காது. சாக்கடையாக இருக்கும், பக்கத்து ஒர்க்ஷாப்பாக இருக்கும். ஜூனியர் பையன்கள் சலித்துக்கொள்வார்கள். "சார், வேஸ்ட் ட்ரிப்" என்பார்கள். அவர்களுக்கு அந்தக் கிணற்றுக் கதையைச் சொல்வேன்.

நம் நண்பர்களுக்கும் சில வார்த்தை. வீட்டுப் பக்கம் மஞ்சள் கம்பம் இருந்தால் அந்தப் பலகையை ஒருமுறை படியுங்கள். நம்பரை போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். கம்பத்தில் எழுதியிருக்கும் கிலோமீட்டர் எண்ணைச் சொன்னால் ஆட்கள் நேராக அங்கே வருவார்கள். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள், வண்டியைக் கிளப்பாதீர்கள், காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நடந்து விலகி அப்புறம் போன் செய்யுங்கள். அம்மோனியா என்றால் ஈரத் துணியை மூக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் ஜேசிபி வந்து தோண்டினால் "கீழே குழாய் போகுது, கேட்டாச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கன்ட்ரோல் ரூமில் உட்காரும் நம் கல்லூரித் தம்பி தங்கைகளுக்கு ஒன்றே ஒன்று: போனில் பேசுபவரிடம் முதலில் "எந்த எடத்துலேர்ந்து பேசுறீங்க?" என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது அதைத்தான்.

போன மாதம் திருவொற்றியூர் பக்கம் போயிருந்தேன். மெட்ரோ ரயில் வந்து சாலையே அடையாளம் தெரியவில்லை. டீக்கடை இருந்த இடத்தில் மொபைல் கடை. கம்பம் மட்டும் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. பலகையில் நம்பர் பாதி அழிந்திருந்தது. சம்பந்தப்பட்டவர்களுக்குத் தகவல் சொல்லிவிட்டு வந்தேன். ஆண்டுவிழாவுக்கு வரும் நண்பர்கள் அந்தப் பக்கம் போனால், புதுப் பலகை மாட்டியாயிற்றா என்று பார்த்து எனக்கொரு வார்த்தை சொல்லுங்கள்.